எந்தப் பழக்கமும் இல்லாதவர்கள்

“குடி, சிகரெட், அடிக்கடி வலி மாத்திரை போடுறது, அந்த மாதிரி பழக்கம் ஏதாவது உண்டா?” என்று டாக்டர் ஒரே மூச்சில் கேட்டார். என் மகன் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.

“எங்க குடும்பத்துல யாருக்கும் எந்தப் பழக்கமும் கிடையாது, டாக்டர்.”

அவர் தலையாட்டிவிட்டு, சீட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார். நீளமான கோடு. மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோதும் எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. மனதுக்கு நிறைவாகவும் இருந்தது. மகனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஒரு மாதமாகத் தலைவலி, ரத்த அழுத்தம் கூடுதல், பரிசோதனையில் ரத்தத்தில் உப்பும் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தோம். நான் பதில் சொன்னதும் அவன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, கடைகளின் முகப்புக்குப் போடும் தடித்த கண்ணாடி எல்லாம் அளவெடுத்து, வெட்டி, கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்போம். வெட்டுவது பெரிய காரியமில்லை, ஆறு மாதத்தில் கை பழகிவிடும். தூக்குவதுதான் வேலை. பெரிய கண்ணாடித் தகட்டை முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர் தூக்குவார்கள். தூக்கிய பிறகு வாயைத் திறக்கக்கூடாது என்பது நான் வைத்த சட்டம். கடை தொடங்கிய இரண்டாம் வருடம், பின்னால் வந்த ஆள் காலில் ஏதோ குத்தி “ஆ” என்றான். முன்னால் போனவன் என்னவோ என்று திரும்பினான். தகடு முறுக்கிக்கொண்டு உடைந்து, திரும்பியவனின் மணிக்கட்டைத் திறந்துவிட்டது. அவனுக்கு அந்தக் கை பிறகு சரியாக மடங்கவேயில்லை. அன்றிலிருந்து என் கடையில் தூக்குகிறவன் எவனும் வாய் திறந்ததில்லை. குத்தினால் குத்தட்டும், பிடித்தால் பிடிக்கட்டும், போய்ச் சேர்ந்து சாய்த்து வைத்த பிறகு பேசிக்கொள்ளலாம். சாய்த்து வைத்த பிறகு பேச யாருக்கும் ஒன்றும் இருக்காது.

அந்தச் சட்டம் எங்களோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வலிக்கிறது என்ற சொல்லை என் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் மனைவி கடைசி மாதத்தில்கூடக் “கொஞ்சம் அசதி” என்றுதான் சொன்னாள். அதை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கடைக்கு அடுத்தது பெயிண்ட் கடை. அதன் சொந்தக்காரருக்கு என் வயதுதான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே “அய்யோ முட்டி” என்று தொடங்குவார். மழை வந்தால் இடுப்பு, வெயில் வந்தால் தலை, இரண்டும் இல்லாவிட்டால் பல். மூன்று நாள் புலம்பிவிட்டு நாலாம் நாள் கடையைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுவார். அவருக்குப் புலம்பல் சக்கரவர்த்தி என்று பெயர் வைத்திருந்தோம். “சக்கரவர்த்தி இன்னைக்கு எந்த உறுப்பு?” என்று என் மகன் கேட்பான். “இன்னைக்கு லீவுடா, எல்லா உறுப்பும் வேலைக்கு வந்திருக்கு” என்பார் அவர். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் அவர்மேல் எனக்கு மதிப்பில்லை. ஓர் ஆண்பிள்ளை தன் முட்டியைப் பற்றித் தெருவில் பேசுவதா?

மகனுக்கு இருபத்துநாலு வயதில், உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு எட்டடிக் கண்ணாடி ஆறு கொண்டுபோனோம். மூன்றாவது மாடி. மறுநாள் காலை அவனால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. வாய் திறக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

“என்னப்பா இது?”

“ரப்பர். போட்டுக்கோ.”

கண்ணாடியை வெறுந்தரையில் வைக்க மாட்டோம். அடியில் இரண்டு ரப்பர் துண்டு போட்டுத்தான் வைப்போம். விளையாட்டாகச் சொன்ன அந்தப் பெயர் வீட்டில் நிலைத்துவிட்டது. “ரப்பர் போட்டாச்சா?” என்று காலையில் நான் கேட்பேன், “போட்டாச்சுப்பா” என்பான். முனைக்கடை மருந்துக்காரரே “ரப்பர் ரெண்டு அட்டை” என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார். முதலில் காலையில் ஒன்று. பிறகு மதியமும் ஒன்று. பெரிய வேலை இருக்கும் நாளில் மூன்று, நாலு. அவன் தகடு தூக்கும் விதத்தைப் பார்த்துக் கட்டட மேஸ்திரிகள் அவனுக்குக் கிரேன் என்று பெயர் வைத்தார்கள். “கிரேன் வருதா? அப்ப ரெண்டாவது ஆள் வேணாம்” என்பார்கள். அவன் அப்பன் நான் என்று எல்லாருக்கும் தெரியும்படி அந்த நேரத்தில் நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

அது வலி மாத்திரை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வலி மாத்திரை என்பது வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் சாப்பிடுவது. எங்களுக்கு வலித்ததில்லை. வருவதற்கு முன்பே போட்டுக்கொண்டுவிடுவோம். பழக்கம் என்ற சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் தெருவில் ஒருவனுக்குப் பழக்கம் இருக்கிறது என்றால் அவன் வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்கும்போது படியில் மகன் நின்றான்.

“அப்பா, ரப்பரைச் சொல்லியிருக்கலாமோ?”

“அது பழக்கமா? வேலைக்குப் போடுறது. அவர் சீட்டுல எழுதிட்டா காலத்துக்கும் அழியாது.”

“இல்ல, அவர் கேட்டாரே...”

“கேட்டதுக்குத்தான் பதில் சொல்லியாச்சே.”

அவன் படியிறங்கத் தொடங்கினான். நான் சொல்லி அவன் மறுத்துப் பேசிய நாள் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. அப்படித்தான் வளர்த்திருந்தேன்.

அந்தப் படிக்குப் பிறகு ஒரு வருடம் ஓடியது. அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் பிறகு எல்லாரும் பேசினார்கள். டாக்டர் கொடுத்த அழுத்த மாத்திரையை அவன் ஒழுங்காகச் சாப்பிட்டான். தலைவலி நிற்காததால் ரப்பரைக் கூட்டிக்கொண்டான். “செருப்பு சின்னதாப் போச்சுப்பா” என்று ஒருநாள் சொன்னான். பெரிய செருப்பு வாங்கிக்கொண்டோம். “மாமா, அவருக்குக் காலு வீங்குது, விரல் வெச்சா குழி விழுது” என்றாள் மருமகள். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை, வீங்கத்தான் செய்யும் என்றேன். எனக்கும்தான் வீங்குகிறது என்றும் சொன்னேன். அவள் என் காலைக் குனிந்து பார்த்தாள். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பிறகு அந்த மாடிப்படி. புது வீடு ஒன்று, படிக்கட்டு திரும்பும் இடத்தில் உயரமான ஜன்னல். அஞ்சடித் தகடு. நான் தூக்குவதை விட்டுச் சில வருடம் ஆகியிருந்தது, மேலே நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் கடை ஆள், பின்னால் மகன். திருப்பத்துக்கு இரண்டு படி இருக்கும்போது அவன் “அப்பா” என்றான். தூக்கிக்கொண்டிருக்கும்போது என் மகன் பேசி அன்றுதான் கேட்டேன். கடை ஆள் நல்ல ஆள், திரும்பவில்லை, நின்றுவிட்டான். மகன் தன் பக்கத்தை வெறும் படியில் இறக்கினான். அடியில் எதுவும் இல்லை. மூலை தெறித்தது. தகட்டைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து, மடியிலேயே வாந்தியெடுத்தான்.

நான் முதலில் பார்த்தது கண்ணாடியின் மூலையைத்தான். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் பார்க்கும் டாக்டர் ஒரு பெண். என் மருமகளைவிடச் சின்னவளாக இருப்பாள். அவள் பழைய சீட்டை எடுத்துவைத்து, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். “வலி மாத்திரை எதுவும் இல்லன்னு போட்டிருக்கு. அப்படின்னா இவ்வளவு சீக்கிரம் கிட்னி இப்படிச் சுருங்க வேற காரணம் தேடணும்” என்றாள். மகன் கட்டிலில் படுத்திருந்தான், முகம் வீங்கி வேறு யாரோ போல இருந்தான். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது மருமகள் தன் பையைத் திறந்து ஒரு மக்கு டப்பாவை வெளியே எடுத்தாள். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தும் மக்கு வருகிற டப்பா, எங்கள் கடையுடையதுதான். மூடியைக் கழற்றி டாக்டரின் மேசையில் கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள். மேசை கொள்ளாமல் சில தரையில் விழுந்தன.

“கடையில பலகைக்குப் பின்னாடி இருந்துச்சு. இது மாதிரி இன்னும் நாலு டப்பா இருக்கு” என்றாள்.

“அம்மா, வீட்டு விஷயத்த...” என்று நான் தொடங்கினேன்.

“வீட்ல இருந்தாத்தானே மாமா வீட்டு விஷயம்?” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

டாக்டர் ஓர் அட்டையை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தாள். “எத்தன வருஷமா?”

“பதினெட்டு” என்றான் மகன் கட்டிலிலிருந்து.

“போன வருஷம் கேட்டப்ப யாரு இல்லன்னு சொன்னது? அன்னைக்கே நிறுத்தியிருந்தா பாதியையாவது காப்பாத்தியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

அறையில் நாங்கள் நாலு பேர். மருமகளுக்குத் தெரியாது, அவள் அன்று வரவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

“நான்தான் டாக்டர். நான்தான் இல்லன்னு சொன்னேன்” என்றான் மகன்.

மருமகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கீழே குனிந்து அட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அவள் பொறுக்கி முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். என் முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்தே இருந்தது, வாய் திறக்கவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. இடது முழங்கையில் வெட்டி, ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்தார்கள். ஊசி ஏற்றுவதற்கு வழி அது. ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று கணக்கு. கடையில் கேட்டவர்களிடம் நான், பெரிய கட்டடம் ஒன்றுக்கு வெளியூரில் வேலை பிடித்திருக்கிறான் என்று சொன்னேன். நாலு மாதம் அதையே சொன்னேன். ஒருநாள் பெயிண்ட் கடைக்காரர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“வெளியூர் வேலை எப்படிப் போகுது?”

“நல்லாப் போகுது.”

“என் மச்சான் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போறான். செவ்வாய், வியாழன், சனி. உங்க கிரேனுக்கு அடுத்த கட்டில்.” கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். “தெருவுக்கே தெரியும். நீங்க சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு எல்லாருமா முடிவு பண்ணி வெச்சிருந்தோம். எனக்குத்தான் பொறுக்கல. தப்பா எடுத்துக்காதீங்க.”

எழுந்து போகும்போது வழக்கம்போல “அய்யோ” என்றார். அவருக்கு அறுபத்தேழு வயது. எல்லா உறுப்பும் வேலைக்கு வந்துகொண்டிருந்தன.

சிறுநீரகம் ஒன்று மாற்றி வைத்தால் அவன் எழுந்து நடமாடுவான் என்றார்கள். மருமகளின் ரத்தவகை சேரவில்லை. “நான் தர்றேன்” என்றேன். என் ரத்தவகையும் அவனுடையதும் ஒன்று. வயது கொஞ்சம் அதிகம், பரிசோதனை பண்ணிப் பார்க்கலாம் என்றாள் டாக்டர். பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன், இந்த உடம்பில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அந்த வாரம் நான் தெருவில் நடந்த நடை எனக்கே நினைவிருக்கிறது. யாரும் கேட்காமலேயே எல்லாரிடமும் சொன்னேன். சொன்னதைச் செய்கிற வீடு, எங்கள் வீட்டுக் கோளாறை எங்கள் வீட்டிலிருந்தே சரிசெய்வோம் என்று. மகன் முதல்முறையாகக் கண் கலங்கினான். “வேணாம்பா” என்று ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு சொல்லவில்லை. அவனுக்கு அது வேண்டியிருந்தது.

முடிவு சொல்ல டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டாள்.

“உங்களோடது பாதிதான் வேலை செய்யுது. ரெண்டும் சேர்த்து.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே.”

“கடைசி வரைக்கும் வெளியில தெரியாது. உங்க பையனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.” பேனாவை எடுத்தாள். “நீங்களும் சாப்பிட்டீங்களா?”

“முப்பத்தஞ்சு வருஷம்.”

அவள் அதை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தாள். “உங்ககிட்ட இருந்து ஒண்ண எடுத்தா ரெண்டு பேரையும் அந்தக் கட்டில்லதான் படுக்க வைக்கணும். எடுக்க முடியாதுங்க. இன்னையில இருந்து நீங்களும் அந்த மாத்திரையத் தொடக்கூடாது. அவர் பேரைப் பொதுப் பட்டியல்ல பதிஞ்சு வெச்சிருக்கோம். ஆனா அவர் இதயமும் இப்ப கொஞ்சம் வீங்கியிருக்கு. பட்டியல் நீளம். உங்ககிட்ட மறைக்க விரும்பல.”

மூன்று வாரம் நான் மறைத்தேன். “முடிவு வந்துச்சாப்பா?” என்று அவன் கேட்பான். “வரல, பெரிய பரிசோதனை, நாளாகும்” என்பேன். மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் நாளிலிருந்து என் உடம்பு எனக்குப் புதிதாகிவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் இடுப்பில் யாரோ உளியை வைத்து அடிப்பதுபோல் இருந்தது. கழுத்து திரும்பவில்லை. கைவிரல்கள் டம்ளரைச் சுற்றி மூட மறுத்தன. முப்பத்தைந்து வருடம் எனக்குத் தெரியாமல் எனக்குள் இருந்தது இவ்வளவுதானா, இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இதே இடுப்போடு அவன் மூன்றாவது மாடி ஏறியிருக்கிறான்.

ஒரு மாலை நான் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுவதை மருமகள் பார்த்தாள்.

“மாமா, வலிக்குதா?”

“கொஞ்சம் அசதி.”

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “நீங்க ரப்பரை நிறுத்திட்டீங்க.”

நான் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

“நிறுத்தச் சொல்லியிருக்காங்க. அப்ப முடிவு வந்திருச்சு.” நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மேசைத் துணியின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். “அன்னைக்கு இல்லன்னு சொன்னதும் நீங்கதானே மாமா?”

“ஆமா.”

“அவரு சொல்லல. நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவருக்கு அவ்வளவு வேகமாப் பொய் சொல்ல வராது.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, “இதையாவது நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்” என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. நானே அவனைக் கூட்டிப்போனேன். உள்ளே அழைப்பதற்கு முன் எடை பார்ப்பார்கள். இரண்டு நாளில் உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதில்தான் தெரியும். “மூணு கிலோ ஏத்திட்டு வந்திருக்கீங்க. தண்ணிய அளந்து குடிங்கன்னா கேக்குறதில்ல” என்று நர்ஸ் கடிந்துகொண்டாள். “சொந்த உழைப்புல சேர்த்ததும்மா” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கூடத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பெயிண்ட் கடைக்காரரின் மச்சான் எதிர்ப் பெஞ்சில் இருந்தார். “இவருதான் எங்கப்பா. இவருதான் குடுக்கிறாரு” என்று அவரிடம் என்னைக் காட்டினான். அவர் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழுவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். அவர் உள்ளே அழைக்கப்பட்டுப் போகும்வரை நின்றிருந்தேன்.

“முடிவு வந்துருச்சுப்பா” என்றேன். “வந்து மூணு வாரமாச்சு. என்னோடது ஆகாதாம். அதுவும் கெட்டுப் போயிருக்கு.”

அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய அளவு செருப்பு, அதுவும் இப்போது இறுக்கமாகத்தான் இருந்தது.

“அன்னைக்கு அந்த டாக்டர்கிட்ட...” என்று தொடங்கினேன்.

“விடுங்கப்பா.”

“இல்ல, நான்...”

“அப்பா, உட்காருங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்க? உங்களுக்கு இடுப்பு வலிக்குது. வீட்டுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

உட்கார்ந்தேன். உட்காரும்போது என்னையறியாமல் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கூடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகன் என் கையைப் பிடித்தான். பிடித்த கையை விடாமல் இழுத்து, தன் இடது முழங்கையின் உட்புறத்தில், தையல் தடித்திருந்த இடத்தில் வைத்து அழுத்தினான். அவர்கள் தைத்துச் சேர்த்த குழாய் அங்கேதான் புடைத்திருந்தது. இத்தனை மாதத்தில் நான் அதைத் தொட்டதில்லை.

“தெரியுதா?” என்றான்.

மூடிய கைக்குள் அகப்பட்ட வண்டு இரைவதுபோல, தோலுக்கு அடியில் ரத்தம் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் அவனுடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் எழவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். என் விரல்களுக்குக் கீழே அது ஓடிக்கொண்டே இருந்தது, மிக வேகமாக, எங்கேயோ போய்ச் சேர வேண்டியதுபோல.